அன்னத்துக்கு வைத்த கொண்டை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

சினிமாவிலும் டிவியிலும் வருகிற துப்பாக்கிகளை ஒன்று விடாமல் படம் பிடித்து, அதனதன் பெயரை எழுதி, கம்ப்யூட்டரில் உலகம் பூராவும் பார்க்கும்படி வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தின் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, பட்டு நெசவு கலியாணசுந்தரம் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவி அம்சவேணியும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தாங்கள் சேர்த்து வைத்திருக்கும் துப்பாக்கிகளும் சௌக்கியமாக இருக்க ஏகாம்பரநாதர் அருள் புரியட்டும். தங்களுக்குத் தமிழ் தெரியாது என்று என் மகன் சொன்னான். அதனால் பாதகமில்லை. எங்கள் ஊருக்குப் பட்டு எடுக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கும்தான் தமிழ் தெரியாது, ஆனாலும் விலையைச் சொன்னதும் முகத்தைச் சுளிக்கிறார்களே, அது மட்டும் எப்படிப் புரிகிறது? அது போல இதுவும் தங்களுக்குப் புரியும்.

இப்பவும் விஷயம் என்னவென்றால், எனக்கு ஒரே மகன், பெயர் உதயகுமார். கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடப் படித்தவன். எங்கள் தெருவில் பாதித் தறிகளில் ஓடுகிற கரை, முந்தி எல்லாம் அவன் போட்ட டிசைன்தான். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதாவது இருப்பேன். 'பையன் குடிக்கிறான்' என்றால் ஊரே உச்சுக் கொட்டும். 'பையன் சினிமாத் துப்பாக்கிக்குப் பேர் எழுதறான்' என்றால், 'அதனால இன்னாபா?' என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். அதனால் என்ன என்பதைத் தங்களுக்கு விளக்கத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் களஞ்சியத்தில் அவன் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஒரு படத்தை முழுசாகப் பார்த்ததில்லை. கதாநாயகனின் தாய் மகன் மடியில் உயிரை விட்டுக்கொண்டிருப்பாள், அம்சவேணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பாள், இவன் டக்கென்று படத்தை நிறுத்திவிட்டு டிவி மேல் மூக்கு இடிக்கிற மாதிரி போய் நிற்பான். "ஒரு நிமிஷம்மா, பின்னால நிக்கிறான் பாரு அடியாளு, அவன் கையில இருக்கறது போன சீன்ல வேற, இந்த சீன்ல வேற" என்பான். அந்த அம்மாள் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பாள். சாகவும் விடமாட்டான், பிழைக்கவும் விடமாட்டான். சரி, சினிமாதான் போகட்டும் என்றால் சீரியலையும் விட்டுவைக்கவில்லை. அம்சவேணி வருஷக்கணக்காகப் பார்க்கிற சீரியலில், மாமியார் பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்து மருமகள் நெற்றியில் வைத்தாள் ஐயா. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் எங்கள் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவன் சாப்பாட்டுத் தட்டோடு அந்தப் பக்கம் போனவன், "அது சிகரெட் லைட்டர்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வருவதில்லை. எதிர்வீட்டில் பார்க்கிறார்கள். அம்சவேணியும் அங்கேதான் போகிறாள்.

தங்கள் களஞ்சியத்தில் 'பாலாறு' என்ற புனைபெயரில் ஒரு ஆசாமி இருக்கிறாராமே, அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் மகனுக்கு மாதா, பிதா, குரு, தெய்வம் நாலும் அவர்தான். நான் ஒன்று சொன்னால் "பாக்கலாம்பா" என்பான். பாலாறு ஒன்று எழுதிவிட்டால் அது வேதவாக்கு. "பாலாறே சொல்லிடுச்சு, அப்புறம் இன்னா?" என்பான். எனக்கு வந்த எரிச்சலில் ஒரு நாள், "நெஜப் பாலாத்துலயே தண்ணி இல்ல, இந்தப் பாலாத்துல இன்னாடா ஓடுது?" என்று கேட்டேன். அதற்கு அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, என் கல்யாணத்தன்று நான்கூட அப்படிச் சிரித்ததில்லை. எந்த ஊர் வேலைவெட்டி இல்லாத ஆளோ, முகம் தெரியாத மனிதன் ஒருவன் என் குடும்பத்துக்குள் இப்படிப் புகுந்து கலகம் செய்வான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கலகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பையனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று நான் பெண் பார்க்கத் தொடங்கினேன். வந்த ஜாதகத்தையெல்லாம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தான். அப்படி இருக்கும்போது நான் கூப்பிடாமலேயே ஒரு நாள் தரகர் தினகரன் வீடு தேடி வந்து ஒரு ஜாதகத்தை நீட்டினார். பெண் பெயர் சந்தியா. ஏனாத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. வாலாஜாபாத்தில் வீடு. அப்பா பழனி, போலீஸ் ஆயுதக் கிடங்கில் சர்வீஸ் முழுக்கத் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு ரிட்டயர் ஆனவர். அதைக் கேட்டதும், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதா என்று யோசித்தேன். ஆனால் பொருத்தம் பிரமாதமாக இருந்தது. மகனிடம் சொன்னேன். "சரிப்பா, போய்ப் பாக்கலாம்" என்றான். போட்டோவைக்கூட அவன் கையில் வாங்கிப் பார்க்கவில்லை ஐயா! அப்பன் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை வந்துவிட்டதென்று அம்சவேணியிடம் மார் தட்டிக்கொண்டேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பழைய போலீஸ் படம். கதாநாயகன் துப்பாக்கியை நீட்டினான். சம்பந்தி பழனி பெருமையாகக் காலை ஆட்டிக்கொண்டே, "இது வெப்லி. நான் தொடச்சி வெச்ச ஜாதி" என்றார். என் மகன் கேசரியை வாயில் போடப் போனவன் அப்படியே நிறுத்தினான். வேண்டாமடா என்று நாற்காலிக்கடியில் அவன் காலை மிதித்தேன். அது தரகர் தினகரனின் கால். அவர் "ஐயோ" என்றதில் என் சமிக்ஞை வீணாகிவிட்டது. "இல்ல மாமா, அது என்ஃபீல்டு" என்றான் இவன். எனக்குத் தெரிந்த என்ஃபீல்டு புல்லட் வண்டிதான். பேச்சு வாகனத்துக்கு மாறிவிட்டது என்ற நிம்மதியில், "நல்ல வண்டி சம்பந்தி, பெட்ரோல்தான் குடிக்கும்" என்று நானும் கலந்துகொண்டேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகுதான் சம்பந்தி எனக்கு விளக்கினார். வெப்லி, என்ஃபீல்டு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்குமாம். வெப்லிக்குப் பின்பக்கம் கட்டைவிரலால் இழுக்க ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்குமாம். இவன் சொல்கிற வகை என்ஃபீல்டுக்கு அந்தக் கொக்கி கிடையாதாம், எதிலாவது மாட்டிக்கொள்கிறதென்று வெட்டிவிட்டார்களாம். டிவியில் தெரிந்தது கொக்கியா நிழலா என்பதுதான் சண்டை. அந்த நேரம் பார்த்துச் சந்தியா காபித் தட்டோடு வந்தாள். டிவியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். எவ்வளவு அடக்கமான பெண், இந்தக் கர்மமெல்லாம் அவளுக்கு என்ன தெரியும் என்று நான் உருகிப்போனேன்.

சம்பந்தி அத்தோடு விடவில்லை. என் மகன் ஆதாரமாகச் சொன்ன தங்கள் களஞ்சியத்தைப் போனில் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்தப் படத்தின் பக்கத்தில், 'இது என்ஃபீல்டு, கொக்கி இல்லாததைக் காண்க' என்று அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறது. எழுதியது யார்? அதே பாலாறு. "யாருய்யா அவன் பாலாறு? நான் கையில வெச்சிக்கினு இருந்தவன், அவன் டிவியில பாத்தவன்!" என்று போனில் என்னிடம் கத்தினார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டு, அந்தப் பாலாறு நாசமாய்ப் போக என்று திட்டினேன். அதில் ஒரு சம்பந்தி ஒற்றுமை உண்டானது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தோம்.

இனிமேல்தான் ஐயா தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் நிச்சயதார்த்தப் புடவையைக் கடையில் வாங்கும் வழக்கம் இல்லை. மாப்பிள்ளை வீட்டுத் தறியில், மாப்பிள்ளையின் அப்பா கையால் நெய்து கொடுக்க வேண்டும். என் அப்பா அம்சவேணிக்கு நெய்தார். நான் சந்தியாவுக்கு நெய்ய உட்கார்ந்தேன். மகனே வந்து, "கரைக்கு டிசைன் நான் போட்டுத் தரேம்பா, அன்னம்" என்றான். சந்தோஷப்பட்டேன். கம்ப்யூட்டரில் வரைந்து, தெருக்கோடியில் அட்டை அடிக்கிற குப்புசாமியிடம் கொடுத்தான். அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடிதான் தறியில் ஜரிகை எழும்பும் என்பது தங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரியாவிட்டால் எங்கள் ஊர் சிறுபிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

தறியில் உட்கார்ந்து நெய்யும்போது கரையில் இருக்கிற உருவங்கள் எங்கள் கண்ணுக்குப் படுத்த வாக்கில்தான் தெரியும். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அன்னம் கொஞ்சம் புது மாதிரியாக இருந்தது. மூக்கு நீளம். தலை உருண்டை. கழுத்தடியில் ஒரு வளையம், ஏதோ ஆபரணம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கால் ஒன்றுதான், அதுவும் தடித்து வளைந்து இருந்தது. ஒற்றைக்காலில் தவம் செய்கிற அன்னம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் பக்தி இருக்கிறது என்று நினைத்து மனம் நிறைந்தது. ஒரே ஒரு குறைதான். தலையில் கொண்டை இல்லை. கோயில் தூண் ஒவ்வொன்றிலும் அன்னத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொண்டை இல்லாத அன்னம் வாத்து மாதிரி இருக்கும். மகனிடம் சொன்னால் 'மாடர்ன்' என்று ஏதாவது சொல்லி வாயை அடைத்துவிடுவான். அதனால் அவனுக்குத் தெரியாமல் குப்புசாமியைக் கூப்பிட்டு, தலைக்குப் பின்பக்கம் சின்னதாக ஒரு கொண்டை வருகிற மாதிரி அட்டையில் கூடுதலாக ஓட்டை போடச் சொன்னேன். "டிசைன் போட்ட பையன ஒரு வார்த்த கேட்டுக்கலாம்பா" என்றான் குப்புசாமி. "அன்னத்தப் பத்தி அவனுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று அதட்டினேன். கொண்டை வந்ததும்தான் அன்னத்துக்கே களை வந்தது. தெருவே வந்து பார்த்து மெச்சியது. என் பெரியம்மா ஒருத்தி கரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குமரகோட்டத்தில் முருகன் காலடியில் வைத்து எடுத்தோம். அவர் கையிலும் வேல் இருப்பதால் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நிச்சயதார்த்தம் வாலாஜாபாத்தில் ஒரு மண்டபத்தில். நாங்கள் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு பெண் வந்து பெரியவர்களை வணங்க வேண்டியது, பிறகு தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டியது என்று ஏற்பாடு. சந்தியா வந்தாள். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை. அப்படி ஒரு லட்சணம். என் நெசவு அவள் மேல் ஏறினதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் அவள் அப்பாவின் காலில் விழுந்தாள். தூக்கிவிடக் குனிந்த சம்பந்தி, குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். "சம்பந்திக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு, யாராச்சும் தாங்கிக்கோங்கப்பா!" என்று நான்தான் கத்தினேன். அவர் மெதுவாக நிமிர்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகளின் புடவைக் கரையை விரலால் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தார்.

"சம்பந்தி," என்றார், "இது அன்னம் இல்ல."

எனக்குப் புரியவில்லை. "மூக்கு கொஞ்சம் நீளம்தான்..." என்று இழுத்தேன்.

"மூக்கு இல்லய்யா, குழலு! இது வெப்லி!"

கூட்டம் மொத்தமும் கரையைப் பார்த்தது. நானும் அப்போதுதான் முதல் தடவையாக அதை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். கரை நெடுக, முந்தி வரைக்கும், வரிசையாக, ஜரிகையில் துப்பாக்கி ஐயா! நானே என் கையால் நெய்த துப்பாக்கி! கண்ணில் ஒற்றிக்கொண்ட பெரியம்மா ஓடிப்போய்க் கண்ணைக் கழுவினாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மகன் களஞ்சியத்துக்கு வரைந்து வைத்திருந்த படத்தை அன்னத்துக்குப் பதிலாகக் குப்புசாமி மாற்றி அடித்துவிட்டான் என்று நானே ஊகித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க அவனுக்குப் போன் போட்டு, வாயில் வந்தபடி திட்டினேன். "உங்க பையன் குடுத்ததத்தான்பா நான் அடிச்சேன்" என்று அவன் சொல்லச் சொல்லப் போனை வைத்துவிட்டேன்.

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள், சம்பந்திக்குக் கோபமே இல்லை. முகமெல்லாம் பூரிப்பு. என் மகன் தோளில் தட்டி, "பாத்தியா மாப்ள! உன் வூட்டுத் தறியே சாட்சி சொல்லிடுச்சு. அந்தப் படத்துல வந்த அதே துப்பாக்கி. பின்னால கொக்கி இருக்குது பாரு. வெப்லிதான்!" என்றார். இந்த இடத்தில் மகன் 'ஆமாம் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்தது. தட்டு மாறியிருக்கும், இலை போட்டிருப்பார்கள். இவனோ பேயறைந்தவன் மாதிரி கரையைப் பார்த்துவிட்டு, "நான் வரைஞ்சதுல கொக்கி இல்ல மாமா! இது என்ஃபீல்டு!" என்றான். "கண்ணெதுர இருக்குதேடா!" "இருக்கக் கூடாது மாமா!" எந்தக் கொக்கி, எங்கே கொக்கி என்று நான் கண்ணாடியைத் தேடி எடுத்து எட்டிப் பார்ப்பதற்குள் இருவரும் குரலை உயர்த்திவிட்டார்கள். பெண் நடுவில் நின்று, "அப்பா, கொஞ்சம் இருப்பா" என்று என்னவோ சொல்ல வந்தாள். அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்? கடைசியில் சம்பந்தி கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அந்த வெப்சைட்டுல அந்தப் பாலாறு எழுதினத அடிச்சிட்டு, வெப்லின்னு எழுதட்டும். எழுதின அன்னிக்குத் தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

தட்டு மாற்றாமல் திரும்பி வந்தோம் ஐயா. வெற்றிலை வாடிப்போய் இன்னும் எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது, எடுத்துப்போட அம்சவேணிக்கு மனம் வரவில்லை. மகனைக் கெஞ்சினேன். "மாத்தி எழுதிடுடா. உனக்குத்தான் அதுக்கு அதிகாரம் இருக்குதே?" என்றேன். "ஆதாரம் இல்லாம மாத்தக் கூடாதுப்பா. அதுவும் பாலாறு எழுதினத நான் மாத்தவே மாட்டேன். உண்மைய மாத்தச் சொல்றியா?" என்கிறான். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் உன்கிட்ட ஒரே ஒரு பொய்தான்டா கேக்கறேன்!" என்றேன். எழுந்து போய்விட்டான். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. டிவியில் துப்பாக்கி வந்தால்கூட நிறுத்துவதில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

ஆகவே ஐயா, தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் என்ஃபீல்டு என்பதை அடித்துவிட்டு வெப்லி என்று எழுதிவிடுங்கள். நிரந்தரமாக வேண்டாம், தை மாதம் முகூர்த்தம் முடியும் வரைக்கும் போதும். தாலி ஏறின மறுநாள் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். அந்தப் பாலாறு என்கிற ஆசாமியை உடனே களஞ்சியத்தை விட்டு வெளியேற்றுங்கள். வேறு உருப்படியான வேலை பார்த்துப் பிழைக்கச் சொல்லுங்கள். என் மகன் பெயரையும் அடித்துவிடுங்கள், அவனுக்கு அன்னமும் மாங்காயும் போதும். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது ஐயா. துப்பாக்கி என்று தெரிந்த பிறகும் அந்தப் புடவையை அவள் அவிழ்த்து எறியவில்லை. நாங்கள் கிளம்பும்போது வாசல் வரைக்கும் அதைக் கட்டிக்கொண்டே வந்து, "நல்லா நெய்ஞ்சிருக்கீங்க மாமா" என்றாள். எந்தப் பெண் சொல்லுவாள்? ஒரு கொக்கிக்காக அப்படிப்பட்ட மருமகளை இழக்க எனக்கு மனமில்லை.

இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தங்களுக்கு அனுப்ப எனக்குத் தெரியாது. மகனிடம் கொடுத்தால் கிழித்துவிடுவான். நூலகத்தில் வேலை செய்கிற சந்தியாவிடமே நேரில் போய்க் கொடுக்கலாமென்று இருக்கிறேன். துப்பாக்கி விவகாரம் எதுவும் தெரியாத பெண், கொடுத்ததைக் கொடுத்தபடி அனுப்பிவைக்கும்.

தாங்கள் குடும்பத்தோடு நீடூழி வாழவும், தங்கள் களஞ்சியத்தில் இருக்கிற எதுவும் வெடிக்காமல் இருக்கவும், காமாட்சியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அம்சவேணி தங்கள் வீட்டு அம்மாளை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மனம் நொந்த
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சலாமும் ஆசீர்வாதமும் தவிர மற்றதை ரத்து செய்யவும். காரணம் வருமாறு. ஷேர் ஆட்டோ பிடித்து ஏனாத்தூர் போய்ச் சந்தியாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். சீரியல் லைட்டர் வரும்போது சிரித்தாள். பாலாறு வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்னத்துக்குக் கொண்டை வைத்த இடம் வந்ததும் பக்கத்தில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, அந்தக் கொண்டை நீங்க வெச்சதா?"

"ஆமாம்மா. இல்லாட்டி அன்னம் வாத்து மாதிரி இருந்துச்சு."

"அதுதான் மாமா கொக்கி!"

நான் கொண்டை என்று வைத்தது துப்பாக்கிக்குக் கொக்கியாகப் போயிருக்கிறது. மகன் வரைந்தது கொக்கியில்லாத என்ஃபீல்டு. நான் நெய்தது கொக்கியுள்ள வெப்லி. சம்பந்தி சொன்னதும் சரி, மகன் சொன்னதும் சரி. தப்பெல்லாம் என் கொண்டையில். அதை ஜீரணிப்பதற்குள், "இன்னொண்ணு மாமா... நான்தான் பாலாறு" என்றாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்பா சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்த பாடமாம். வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேச முடியாததால் களஞ்சியத்தில் எழுதினாளாம். இருவரும் அங்கே பழகி, பேசி முடிவு செய்து, தரகர் தினகரனை என் வீட்டுக்கு அனுப்பியதே இவர்கள்தானாம். போட்டோவை என் மகன் ஏன் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. புடவையில் துப்பாக்கி வந்ததும் குப்புசாமியின் தவறில்லை. அவளுக்கென்றே வரைந்தானாம். "வேற யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சோம் மாமா. எங்க அப்பாவுக்கு அவ்ளோ கூர்மையான கண்ணு இருக்கும்னு உங்க மகனுக்குத் தோணல. உங்களப் பத்திக் கேட்டதுக்கு, 'எங்கப்பாவுக்கு அது அன்னமாத்தான் தெரியும்'னு சொன்னாரு" என்றாள். என் மகனைப் பற்றி நான் ஒரு கடிதம் பூராவும் எழுதினேன். அவன் என்னை ஒரே வரியில் எழுதிவிட்டான்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு களஞ்சியத்தில் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தாராம். பிறகு, "நம்ம வூட்டுப் பொண்ணா அம்புக்குறி போட்டது?" என்று கேட்டாராம். மறுநாள் எனக்குப் போன் செய்து, "சம்பந்தி, படத்துல என்ஃபீல்டுதான். நான் வெப்லின்னு சொன்னது பொடவைய" என்றார். புடவை தறியில் ஏறுவதற்கு முன்பே அவர் அதைச் சொன்னார் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. புது வெற்றிலை வாங்கித் தட்டு மாற்றியாகிவிட்டது. வாலாஜாபாத் டீக்கடையில் இப்போது பாலாறு தன் மகள்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குப்புசாமியிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் இன்னும் சரியாகப் பேசவில்லை. பாலாற்றைத் திட்டிய வரிகளை மட்டும் மையால் அடித்துவிடுகிறேன் என்றேன். "வேணாம் மாமா, எனக்குப் புடிச்சிருக்குது" என்று அப்படியே அனுப்புகிறாள்.

கடைசியாக ஒரு காரியம். முகூர்த்தப் புடவையில் துப்பாக்கி வைக்க அம்சவேணி ஒப்பவில்லை, ஆனால் வரவேற்புக்கு ஒரு புடவை நெய்யச் சொல்லி உத்தரவாகியிருக்கிறது. சம்பந்திக்கு வெப்லி வேண்டுமாம். மருமகளுக்கு என்ஃபீல்டு வேண்டுமாம். இரண்டு கரையும் இரண்டு விதமாக நெய்வதை நாங்கள் கங்கா ஜமுனா என்போம். ஒரு கரையில் அது, மறு கரையில் இது என்று பேசி முடித்திருக்கிறேன். தறி காலியாக இருக்கிறது. இரண்டுக்கும் பக்கவாட்டில் எடுத்த தெளிவான படம் தங்களிடம் இருந்தால் உடனே அனுப்பவும். எதற்குக் கொண்டை வைக்க வேண்டும், எதற்கு வைக்கக் கூடாது என்று அம்புக்குறி போட்டு அனுப்பவும். எனக்கு இரண்டும் இன்னும் அன்னமாகத்தான் தெரிகின்றன.